கடாரத்துக்கு எத்தனை நாள்? – அத்தியாயம் 9: அஞ்சு நாள் என்றார் கங்காணி

மலாயாத் தோட்டத்துக்குக் கிளம்பியவர்களைப் போன வாரம் நாகப்பட்டினம் கரையில் விட்டுவிட்டு வந்தோம். ரஜூலா கப்பல் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் நேரே போய் ஏற வழியில்லை. கரையோரம் ஆழம் போதாது என்பதால் பெரிய கப்பல் தள்ளியே நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களைப் படகில் அடைத்துக் கொண்டுபோய், அலை படகை மேலே தூக்கும் சமயம் பார்த்து ஒவ்வொருவராக ஏற்றிவிட வேண்டும். ஒரு கையில் தகரப் பெட்டி, இடுப்பில் பிள்ளை, மடியில் கட்டிய புளிச்சோறு. படகு கீழே இறங்கும்போது காலை வைத்தால் தொலைந்தது.

கங்காணி எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். "அஞ்சு நாள்தான் ஆத்தா. அஞ்சாம் நாள் பினாங்கு."

கங்காணி பொய் சொல்லவில்லை. கப்பல் கம்பெனியின் கணக்குப்படி அஞ்சு நாள் என்பது நிஜம். ஆனால் சோழ நாட்டுக் கிராமம் ஒன்றில் வாசல் படியைத் தாண்டிய நாளிலிருந்து, கெடாவில் கூலிம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து லயத்தில் மூட்டையை இறக்கி வைக்கும் நாள் வரைக்கும் எண்ணிப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. இந்த இரண்டு கணக்கையும்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். அதற்கு ரஜூலா கப்பலைக் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கவைத்துவிட்டு, ஆயிரத்து முந்நூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

*

இந்தக் கடலைத் தாண்ட எத்தனை நாள் ஆகும் என்று எழுதிவைத்த பழைய ஆட்களில் ஒருவர் இத்சிங் என்ற சீன பௌத்தத் துறவி. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கெடா வழியாக இந்தியா போனவர். தன் காலத்தில் இந்தியாவுக்குப் போன மற்ற துறவிகளின் கதையையும் தொகுத்தார். அதில் வூ சிங் என்ற துறவியின் பயணம் நமக்கு முக்கியம். வூ சிங் கெடாவுக்கு வந்து சேர்ந்தார். உடனே கிளம்பவில்லை. குளிர்காலம் முடியும்வரை இங்கேயே இருந்தார். பிறகு மேற்கு நோக்கிக் கப்பல் ஏறினார். முப்பது நாளில் நாகப்பட்டினம். அங்கிருந்து இரண்டு நாளில் இலங்கை.

கெடாவிலிருந்து நாகப்பட்டினம். நம் தொடர் ஓடுகிற அதே தடம், எதிர்த் திசையில்.

பினாங்குக்கும் நாகப்பட்டினத்துக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 2,330 கிலோமீட்டர். முப்பது நாளில் வகுத்தால் நாளொன்றுக்கு 78 கிலோமீட்டர். இன்றைக்கு நல்ல சைக்கிள்காரர் ஒருவர் ஒரே பகலில் அதைவிட அதிகம் போய்விடுவார். ஆனால் பாய்க்கப்பல் அப்படி நேர்கோட்டில் போகாது. காற்று தள்ளும் பக்கம் வளையும், காற்று நின்றால் நிற்கும், நிக்கோபார் தீவுகளில் ஒதுங்கித் தேங்காயும் தண்ணீரும் ஏற்றும்.

இதில் கவனிக்க வேண்டியது முப்பது நாளை அல்ல, குளிர்காலம் முடியும்வரை கெடாவில் உட்கார்ந்திருந்ததைத்தான். வடகிழக்குப் பருவக்காற்று முதுகுப் பக்கம் வீசினால்தான் மேற்கே போக முடியும். வடகிழக்கு ஓய்ந்து தென்மேற்குக் காற்று பிடித்தால்தான் கிழக்கே வர முடியும். ஆக, போன காற்றோடு திரும்பி வர முடியாது. அடுத்த காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். இந்தக் கடலைப் பொறுத்தவரை பயணம் என்றாலே பாதிக்கு மேல் காத்திருப்பு. அது வூ சிங் காலத்தோடு முடிந்துபோன விஷயம் இல்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

1025ஆம் ஆண்டையொட்டி ராஜேந்திர சோழனின் படை கடாரம், அதாவது இந்தக் கெடாவை, கொண்டது. தஞ்சைக் கல்வெட்டில் வென்ற ஊர்களின் பட்டியல் நீளமாக இருக்கிறது. எத்தனை நாளில் போனார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. நம்முடைய கல்வெட்டுக்காரர்களுக்கு வெற்றி முக்கியம், நாள் கணக்கு முக்கியமில்லை. அதைச் சீனத் துறவியிடம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

*

இன்றைய கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் ரஜூலாவில் ஏறுகிறவர்களின் நிலைமை புரியும்.

2024 டிசம்பர் 21ஆம் தேதி இண்டிகோ நிறுவனம் சென்னைக்கும் பினாங்குக்கும் நேரடி விமானம் விட்டது. சென்னை மீனம்பாக்கத்திலிருந்து பினாங்கு பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 2,370 கிலோமீட்டர். பயண நேரம் நாலு மணிக்குள். அந்த நேர்கோட்டை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். நிக்கோபார் தீவுக் கூட்டத்தின் மேலேயே போகிறது. வூ சிங் காலத்துக் கப்பல்கள் தண்ணீர் ஏற்றிய அதே தீவுகள்.

அப்படி நேரடி விமானம் இல்லாத காலங்களில் கூலிம்காரர் சென்னைக்குப் போவதென்றால் முதலில் தெற்கே கோலாலம்பூர் போக வேண்டும். அங்கிருந்து சென்னை ஏறக்குறைய 2,630 கிலோமீட்டர். வான்வழியில் கூடுவது 260 கிலோமீட்டர்தான். ஆனால் கூலிமிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு ராத்திரி பஸ்ஸில் போய், விடிய விடிய அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும், விமானத்தில் இருந்த நேரத்தைவிட விமானத்துக்குப் போன நேரம்தான் அதிகம். கூலிமுக்கென்று ஒரு விமான நிலையம் வேண்டும் என்று கெடா மாநிலம் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பினாங்கு வேண்டாம் என்கிறது. அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம்.

கடிகாரமும் ஒரு வேடிக்கை செய்யும். சென்னையில் ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பினால் பினாங்கில் காலை எட்டு மணியைத் தாண்டித்தான் இறங்குவோம்; ஆறு மணி நேரம் பறந்ததுபோல் இருக்கும். அதில் இரண்டரை மணி நேரம் கடிகாரத்தின் வேலை. அந்த வித்தியாசமும் எப்போதும் இரண்டரையாக இருந்ததில்லை. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தது. அதற்கு முன் இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம்.

சரி, கப்பலுக்கு வருவோம். நங்கூரம் எடுக்கிற நேரமாகிவிட்டது.

*

ரஜூலா 1926இல் கிளாஸ்கோவில் பார்க்கிளே கர்ல் தளத்தில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்குச் சொந்தம். எட்டாயிரம் டன்னுக்கு மேல். நீளம் 477 அடி. மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் தடம். அதே வருஷம் அதே தடத்துக்காகவே கட்டப்பட்ட இன்னொரு கப்பல் ரோனா. ரோனா என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ரஜூலாவில் ஆரம்ப காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. அந்த எண்ணைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். 477 அடிக் கப்பலில் ஐயாயிரம் பேர். ஆளுக்கு ஒரு பாய் அகலம், அவ்வளவுதான். கட்டில் கிடையாது, அறை கிடையாது. விரித்த பாய்தான் வீடு. தலைமாட்டில் தகரப் பெட்டி, கால்மாட்டில் அடுத்த குடும்பத்தின் தலைமாடு. முதல் நாள் கடல் ஆட்டம் கண்டதும் பாதிப் பேருக்கு வாந்தி. இரண்டாம் நாள் மீதிப் பேருக்கு. எலுமிச்சம்பழம் கொண்டுவந்தவர்களுக்கு அன்றைக்கு டெக்கில் இருந்த மரியாதை வேறு யாருக்கும் இல்லை. மூன்றாம் நாள் வயிறு அடங்கியதும் பேச்சு ஆரம்பிக்கும்: எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி ஆள்? "டப்ளின் தோட்டமா? அப்ப நம்ம பக்கந்தான். நாங்க விக்டோரியா." அதுவரை விக்டோரியாவைக் கண்ணால் பார்த்ததில்லை, பேர் மட்டும் தெரியும்.

கப்பலின் வேகத்தை மணிக்கு 12 கடல்மைல் என்று வைத்துக்கொண்டால் நாகப்பட்டினம்–பினாங்கு 105 மணி நேரம் வருகிறது. நாலே கால் நாளுக்குக் கொஞ்சம் மேல். ஆள் ஏற்றும் நேரத்தையும் துறைமுகத்தில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் அஞ்சு. ஆக, கங்காணி சொன்னது சரி.

1929 டிசம்பரில் பெரியாரும் நாகம்மையாரும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியதும் இந்தத் தடத்தில்தான். பினாங்கில் இறங்கியபோது வரவேற்கக் கூடிய கூட்டம் ஐம்பதாயிரம் பேர் என்பார்கள். ஆனால் அதே தடத்தில் டெக் டிக்கெட்டில் வந்த ஆளுக்குப் பினாங்கில் இறங்கியதும் வரவேற்பு வேறு விதமாக இருந்தது.

*

ஒரு கிராமத்து இளைஞனை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், இந்த வழியில் வந்தவர்கள் எல்லாருக்கும் நடந்ததுதான்.

கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்க்கிறார். 1922ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு கங்காணி கையில் லைசென்ஸ் வேண்டும், கிராம முன்சீப் கையெழுத்து வேண்டும். முன்சீப் அன்றைக்கு ஊரில் இல்லையென்றால் காத்திருப்பு. கையெழுத்து ஆனதும் ரயிலேறி முகாம். வட ஜில்லாக்காரர்களுக்கு ஆவடி, தெற்கத்திக்காரர்களுக்கு நாகப்பட்டினத்தை அடுத்த பாப்பாக்கோவில். அங்கே அம்மை குத்துவார்கள். கண்ணைப் பார்ப்பார்கள், உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார்கள். காய்ப்பு ஏறாத கை விவசாயக் கூலியின் கை இல்லை என்று சந்தேகப்படுவார்கள். கப்பல் வரும் நாள்வரை வேலிக்குள் இருக்க வேண்டும். 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கிக் கப்பல் செலவைக் கொடுத்தது. அதனால் கப்பல் கூலி கடனாக ஏறவில்லை. அதற்கு முந்தைய ஒப்பந்தக் கூலி காலத்தில் அதுவும் கடன்தான். அந்த முறை மலாயாவில் 1910இல்தான் ஒழிந்தது. கப்பல் கூலி போனாலும் கங்காணி கொடுத்த முன்பணம் போகவில்லை.

பிறகு அஞ்சு நாள் கடல். அஞ்சாம் நாள் பினாங்கு மலை தெரிகிறது. "வந்தாச்சு!" என்று டெக் முழுக்கச் சத்தம். கப்பலிலிருந்து இறக்கிப் படகில் ஏற்றுகிறார்கள். படகு பினாங்குக் கரைக்குப் போகவில்லை. எதிரே இருக்கிற ஒரு சின்னத் தீவுக்குப் போகிறது.

அதுதான் ஜெரஜாக். நோய்த் தடுப்பு முகாம். அதே தீவில் ஒரு பக்கம் தொழுநோயாளிகளின் குடியிருப்பு. கூட வந்தவர்களில் யாருக்காவது அம்மையோ காலராவோ கண்டிருந்தால் எல்லாருடைய நாளும் நீளும். தீவிலிருந்து பார்த்தால் பினாங்கு ஒரு பக்கம், பெருநிலம் மறுபக்கம். இரண்டும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில். நடுவில் உள்ள தண்ணீரைத் தாண்ட மருத்துவரின் கையெழுத்து வேண்டும்.

கையெழுத்து கிடைத்து, பெருநிலத்துப் பிறையில் இறங்கி, ரயிலில் புக்கிட் மெர்தாஜாம். கூலிமுக்கு ரயில் கிடையாது. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி பேர் வாசித்து ஆட்களைப் பிரிப்பார். ஒரே ஊரிலிருந்து வந்து ஒரே பாயில் படுத்தவர்களில் பாதிப் பேர் பாடாங் மேஹா பக்கம், பாதிப் பேர் காராங்கான் பக்கம். லாரியில் ஏற்றிவிட்டால் அன்று சாயங்காலம் லயம். மறுநாள் விடிவதற்கு முன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். முன்சீபுக்குக் காத்த நாள், முகாமில் காத்த நாள், கப்பலுக்குக் காத்த நாள், தீவில் காத்த நாள். ஓடிய நேரம் அஞ்சு நாள். நின்ற நேரம் அதைப்போல் பல மடங்கு. நீராவி வந்து முப்பது நாளை அஞ்சாக்கியது உண்மை. ஆனால் காற்றுக்குக் காத்திருந்த இடத்தில் காகிதத்துக்குக் காத்திருக்க வைத்தார்கள். முன்னதில் சீனத் துறவியும் கப்பல் முதலாளியும் ஒன்றாகக் காத்திருந்தார்கள். பின்னதில் டெக் பயணி மட்டும் காத்திருந்தான். என்னைக் கேட்டால், இந்தக் கடலின் தூரத்தைத் தீர்மானித்தது எந்தக் காலத்திலும் எஞ்சின் மட்டும் இல்லை.

*

அப்படி லயத்தில் குடியேறியவன் 1930களின் நடுவில் ஒரு நாள் பால் மங்கைத் துடைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்திருந்தால், கெடா வானத்தில் ஒரு புதுச் சத்தம் கேட்டிருக்கும்.

விமானம்!

கெடாவின் தலைநகரம் அலோர் ஸ்டார் அந்த நாளில் ஆகாய வழியின் முக்கியமான நிறுத்தங்களில் ஒன்று. ஆம்ஸ்டர்டாமிலிருந்து பத்தேவியா போகும் டச்சு விமானங்கள் அங்கே இறங்கின. 1933 டிசம்பரில் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் தன் தடத்தை சிங்கப்பூர்வரை நீட்டியபோது அதற்கும் அலோர் ஸ்டார் ஒரு நிறுத்தம். 1935இல் பாயான் லெப்பாஸ் விமானத் திடல் வந்தது. 1937இல் வேர்ன்ஸ் கம்பெனி சிங்கப்பூர்–கோலாலம்பூர்–பினாங்கு விமானம் விட்டது.

ஆனால் ஒன்றுகூட மதராஸுக்குப் போகவில்லை. இம்பீரியல் ஏர்வேஸ் தடத்தைப் பாருங்கள்: கல்கத்தா, அக்யாப், ரங்கூன், பாங்காக், அலோர் ஸ்டார். வங்காள விரிகுடாவை ஒட்டி ஓரமாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. குறுக்கே தாண்டவில்லை. காரணம் எளிது. நடுவில் இறங்கி எண்ணெய் போட இடமில்லாத 2,300 கிலோமீட்டர் கடலை ஒரே மூச்சில் தாண்டும் வலு அந்த விமானங்களுக்கு இல்லை. பத்துப் பேர் ஏறினாலே நிறைந்துபோகிற விமானங்கள் அவை. அவற்றில் ஏறியவர்கள் துரைமார்களும் தபால் மூட்டைகளும்.

லண்டனிலிருந்து வந்த துரைக்கு வானம் திறந்துவிட்டது. கூலிம் தோட்டத்து ஆளுக்கு இன்னமும் ரஜூலாதான். ஊரில் அப்பா சாகக் கிடக்கிறார் என்று தந்தி வந்தால், அடுத்த கப்பல் என்றைக்கு என்று கிராணியிடம் கேட்டு விரல் விட்டு எண்ண வேண்டும். கப்பல் மறுநாளே கிடைத்தாலும் கொள்ளி வைக்கப் போய்ச் சேர முடியாது.

அந்தக் கப்பல் கதவும் பாதி மூடப்போகிறது என்று 1937இல் யாருக்கும் தெரியாது.

*

1938இல் ரப்பர் விலை விழுந்தது. தோட்ட நிர்வாகங்கள் ஆண்களின் நாள் கூலியை 50 காசிலிருந்து 45 ஆகக் குறைத்தன. ஐந்து காசு. இந்திய அரசு பதிலுக்கு ஜூன் மாதம் ஒரு உத்தரவு போட்டது: இனிமேல் உதவிப் பணத்தில் உடல் உழைப்புக் கூலிகள் யாரும் மலாயா போகக்கூடாது. கங்காணி காலம் அதோடு முடிந்தது. பாப்பாக்கோவில் முகாமுக்கு வேலை குறைந்தது. சொந்தக் காசில் போகிறவர்களும் வருகிறவர்களும் மட்டும் தொடர்ந்து கப்பல் ஏறினார்கள்.

மூன்று வருஷம் கழித்து அதுவும் போயிற்று. 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினார்கள். 11ஆம் தேதி பினாங்கு ஜார்ஜ் டவுனில் குண்டு விழுந்தது. துரைமார் காரிலும் ரயிலிலும் தெற்கே போனார்கள். தோட்டத்து ஆள் எங்கே போவான்? மாதம் தவறாமல் ஊருக்குப் போன மணியார்டர் நின்றது, கடிதம் நின்றது. இரண்டு வருஷம் கழித்து, 1943 அக்டோபரில் கெடா மாநிலத்தையே ஜப்பான் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. கூலிம் லயத்தில் படுத்து எழுந்தவன் நாடு மாறிப்போனான். முப்பது நாள், அஞ்சு நாள் என்று நாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பயணத்துக்குக் கணக்கே இல்லாமல் போயிற்று. ரயில் பாதை போட சயாம்–பர்மா எல்லைக்கு ஆள் பிடித்தார்களே, அவர்களின் கதையைத் தனி அத்தியாயமாகச் சொல்ல வேண்டும், சொல்வேன்.

கப்பல்கள் என்ன ஆயின? யுத்தத்துக்காகப் பிரிட்டிஷ் அரசு எடுத்துக்கொண்டது. டெக்கில் பாய் விரித்த இடத்தில் சிப்பாய்கள் படுத்தார்கள். ரஜூலா தப்பித்தது, யுத்தம் முடிந்து பழைய தடத்துக்கே திரும்பி 1973 வரை ஓடியது. உங்களில் பலருடைய தாத்தா பாட்டி ஏறியது அந்தப் பிற்கால ரஜூலாவாக இருக்கும்.

ரோனா திரும்பவில்லை. 1943 நவம்பர் 26ஆம் தேதி, அல்ஜீரியக் கரைக்கு அப்பால், ஏறக்குறைய இரண்டாயிரம் அமெரிக்கச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு போன அந்தக் கப்பலின் மேல் ஜெர்மன் விமானம் ஒன்று ரேடியோ மூலம் ஓட்டிச் செலுத்தும் புது வகைக் குண்டு ஒன்றை விட்டது. இறந்தவர்கள் ஆயிரத்து நூறுக்கு மேல். அமெரிக்க அரசு அந்தச் செய்தியைப் பல காலம் வெளியில் விடவில்லை. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் நடுவே தமிழரைச் சுமந்த கப்பலில் அன்றைக்கு என்ன நடந்தது, அதன் இந்திய மாலுமிகள் கதி என்ன என்பது அடுத்த வாரம்.

அதற்குள் கூலிம், லூனாஸ், பாடாங் செராய் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பழைய பெட்டியில் டெக் டிக்கெட்டோ, முகாம் சீட்டோ, கப்பல் பெயரும் தேதியும் உள்ள பழைய பாஸ்போர்ட்டோ இருந்தால் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து, எந்தத் தோட்டம் என்பதையும் எழுதி ஆசிரியர் பார்வைக்கு அனுப்புங்கள்.

(தொடரும்)